தெரிந்த மருத்துவத்தை டாக்டர் ஏன் எழுதித் தருவதில்லை?

போன கோடையில் ஒரு நாள் இஷா தொழுகை முடித்து வீடு திரும்பினேன். தங்கையின் மகன், ஒன்றரை வயதுப் பிள்ளை, காலையிலிருந்து ஏழெட்டு தடவை வயிற்றாலே போய் வாடிக் கிடந்தான். இரண்டு முறை வாந்தியும் எடுத்திருந்தான். "குளுக்கோஸ் ஏத்தினாத்தான் புள்ள தெளியும், உடனே கூட்டிட்டுப் போ" என்று நன்னிமா சொன்னார்கள்.

நாங்கள் போன முதல் டாக்டர் பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்த்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். பிள்ளை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஆவலோடு குடித்தான். "பயப்பட ஒண்ணுமில்ல ஹஜ்ரத். ஓ.ஆர்.எஸ். கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, ஜிங்க் எழுதறேன். தாய்ப்பாலை நிறுத்தாதீங்க" என்றார். ஊசி இல்லை, பாட்டில் இல்லை.

வெளியே வந்ததும் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒரு ஊசிகூட போடல அண்ணே. இந்த உப்புத் தண்ணிக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டு எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவைத் திருப்பச் சொல்லி வேறொரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தி, ஒரு பாட்டில் ஏற்றி, இரண்டு ஊசி போட்டு, மூன்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பிள்ளை விளையாட ஆரம்பித்தான், அல்ஹம்துலில்லாஹ். பெயர் பாட்டிலுக்குப் போனது.

சில மாதம் கழித்து ஒரு வலீமா விருந்தில் அந்த இரண்டாவது டாக்டரும் நானும் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தது. பேச்சு வாக்கில் கேட்டேன்: "டாக்டர், அன்னைக்கு எங்க புள்ளைக்கு பாட்டில் அவசியமா இருந்துச்சா?"

அவர் சிரித்தார். "இல்ல ஹஜ்ரத். ஓ.ஆர்.எஸ். போதும்."

"தெரிஞ்சும் ஏன் அதை எழுதல?"

"உங்களுக்கு முன்னாடி ஒரு டாக்டர் அதைத்தானே எழுதினார்? நீங்க என்ன செஞ்சீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். நான் மருத்துவன் அல்ல. மதரஸாவில் ஓதியவன், கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவன், அவ்வளவுதான். ஆனால் இது டாக்டர்கள் மட்டும் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை என்று புரிந்ததால் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நெறிமுறை என்றால் என்ன?

ஒரு நோய்க்கு எந்தச் சிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறது, எது வீண், எது கெடுதல் என்பதை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளை வைத்து அறிஞர்கள் கூடி முடிவு செய்து வெளியிடுவதைத்தான் சிகிச்சை வழிகாட்டு நெறிமுறை என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வெளியிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிடுகிறது. குழந்தை மருத்துவர் சங்கங்களும் வெளியிடுகின்றன.

நமக்குப் புரிகிற உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஃபிக்ஹு நூல்களில் ஒரே மஸ்அலாவுக்குப் பல கருத்துகள் பதிவாகியிருக்கும். ஃபத்வா கொடுப்பவர் அவற்றில் தனக்குப் பிடித்ததை எடுத்துச் சொல்ல முடியாது. மத்ஹபில் ஆய்ந்து உறுதி செய்யப்பட்ட 'முஃப்தா பிஹி' கருத்து எதுவோ அதைத்தான் சொல்ல வேண்டும். அதிலிருந்து விலகினால் அதற்குத் தகுந்த காரணம் வேண்டும். மருத்துவ நெறிமுறையும் ஏறத்தாழ அப்படித்தான். குறிப்பிட்ட நோயாளிக்கு அது பொருந்தாது என்று டாக்டர் கருதினால் மாற்றலாம். ஆனால் காரணத்தோடு மாற்ற வேண்டும்.

குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கான நெறிமுறை மிகவும் எளிமையானது. உடலை விட்டுப் போன நீரையும் உப்பையும் ஓ.ஆர்.எஸ். மூலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜிங்க் 14 நாள் கொடுக்க வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதென்றால் 10 மில்லிகிராம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. ஆன்டிபயாடிக் மருந்து, மலத்தில் ரத்தம் போனாலோ, காலரா என்று சந்தேகம் இருந்தாலோ, அது போன்ற சில நிலைகளிலோதான். நரம்பு வழியே பாட்டில் ஏற்றுவது, கடுமையாக நீர் வற்றிப்போன பிள்ளைக்கும், வாயால் குடிக்கவே முடியாத பிள்ளைக்கும்தான். இதில் டாக்டருக்குப் புரியாதது எதுவும் இல்லை. அப்படியிருந்தும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றோட்டத்தால் இறக்கிறார்கள். நம் நாட்டில் 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது 60.6 சதவீதம் பேருக்கு. ஜிங்க் கிடைத்தது 30.5 சதவீதம் பேருக்குத்தான்.

உப்புத் தண்ணீரின் கதை

என் தங்கை 'உப்புத் தண்ணீர்' என்று சொன்னதைப் பெரிய பெரிய டாக்டர்களும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1953லேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் 186 காலரா நோயாளிகளுக்கு வாய் வழியே உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் கொடுத்துக் குணப்படுத்தி, அதை லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1968ல் டாக்கா ஆய்வகத்தில் நடந்த சோதனை, குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால் காலராவிலும் குடல் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று நிரூபித்தது. அப்போதும் மருத்துவமனைகள் மாறவில்லை.

மாற்றியது ஒரு பேரிடர். 1971ல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டு லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு ஓடி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரை முழுக்க நோயாளிகள். நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் வேறு வழியின்றி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் தாயோ சகோதரியோ டம்ளரில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களில் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஆய்வை வெளியிடவும் முதலில் தயங்கினார்கள். 1973ல்தான் அச்சில் வந்தது. 1978ல் அதே 'லான்செட்' இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் இறந்தார். மறு ஆண்டு மத்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது.

கவனியுங்கள், அங்கே மருந்து கொடுத்தது நர்ஸ் அல்ல, தாய். அதன் பிறகு வங்கதேசத்தில் 'பிராக்' அமைப்பு 1980 முதல் பத்தாண்டு காலம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் குடும்பங்களின் தாய்மார்களுக்கு மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கரைக்கக் கற்றுக்கொடுத்தது. அந்த ஊழியருக்குச் சம்பளம் எத்தனை வீட்டுக்குப் போனார் என்ற கணக்கில் இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பொறுத்தே கூலி. எங்கள் மக்தப் மதரஸாக்களில் இந்த முறையைக் கொண்டுவந்தால் உஸ்தாதுகள் பலர் பாதிச் சம்பளத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்து ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ககன்தீப் காங் குழுவினர் வேலூர் நகரின் ஏழ்மையான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தார்கள். 373 பேர் மூன்று வயது வரை ஆய்வில் இருந்தார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டிருந்தது. வைரஸ் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. இப்போது அரசு இலவசமாகக் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் பின்னால் நம் வேலூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்: ரோட்டாவேக் மருந்துக்கான பெரிய சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று.

அப்படியானால் தடை எங்கே?

1999ல் கபானா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் ஏன் நெறிமுறையைப் பின்பற்றுவதில்லை என்று அதுவரை வெளிவந்த 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தடைகள் மூன்று மட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று அறிவு: அப்படியொரு நெறிமுறை இருப்பதே தெரியாமல் இருப்பது, அல்லது பெயர் தெரிந்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது. இரண்டாவது மனம்: அதில் உடன்பாடு இல்லாமை, பலன் தரும் என்ற நம்பிக்கை இல்லாமை, பழகிய வழியை விட முடியாமை. மூன்றாவது சூழல்: நேரமின்மை, வசதியின்மை, நோயாளியின் விருப்பம்.

முதல் மட்டத்தோடு பிரச்சினை முடிந்துவிட்டால் பயிற்சி வகுப்பு நடத்திச் சரி செய்துவிடலாம். நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பீகாரின் கிராமப்புறங்களில் வைத்தியம் பார்க்கும் 340 பேரிடம் முதலில் வாய்மொழியாக, "இப்படி ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஐந்தில் ஒருவர்தான் கெடுதல் தரக்கூடிய சிகிச்சையைச் சொன்னார். பிறகு, தெரியாதபடி பயிற்சி பெற்ற ஆட்களை அதே நோயைச் சொல்லி நோயாளியின் உறவினர் போல அனுப்பினார்கள். இப்போது பத்தில் ஏழு பேர் அத்தகைய சிகிச்சையைக் கொடுத்தார்கள். வயிற்றோட்டத்துக்குச் சரியான சிகிச்சையை மட்டும் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. 2015ல் வெளியான ஆய்வு இது. அவர்களில் பலர் முறையான பட்டம் இல்லாதவர்கள், உண்மைதான். ஆனால் தெரிந்ததற்கும் செய்ததற்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் ஏன் என்பதற்குப் பட்டம் இல்லாமை விடையாகாது.

விடையின் ஒரு பகுதி 2024 பிப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. பீகாரிலும் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலும் 253 ஊர்களில், 2,282 தனியார் சிகிச்சையாளர்களிடம் நடந்த ஆய்வு அது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று சொல்லிக்கொண்டு தகப்பன் வேடத்தில் ஆட்கள் போனார்கள். சிலர் எதுவும் கேட்கவில்லை. சிலர் போன தடவை கொடுத்த ஆன்டிபயாடிக்கைக் காட்டினார்கள். சிலர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் காட்டி இது வேண்டும் என்றார்கள். சில கடைகளிலும் கிளினிக்குகளிலும் ஓ.ஆர்.எஸ். தட்டுப்பாடே இல்லாதபடி முன்கூட்டி இருப்பு வைக்கப்பட்டது. சிலர் மருந்தை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னார்கள், அதாவது எழுதுபவருக்கு அதில் லாபம் இல்லாதபடி.

முடிவைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஓ.ஆர்.எஸ். எழுதாமல் போவதில் மருந்து இருப்பு இல்லாததன் பங்கு 6 சதவீதம். பண லாபத்தின் பங்கு 5 சதவீதம். 'இவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பிடிக்காது' என்று எழுதுபவர் தவறாக நினைத்துக்கொள்வதன் பங்கு 42 சதவீதம்! தகப்பன் வாய் திறந்து ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று கேட்டபோது, அதை எழுதிக் கொடுப்பது 27 சதவீதப் புள்ளி உயர்ந்தது.

நாம் ஜமாஅத் திண்ணையில் என்ன பேசுகிறோம்? "எல்லாம் கமிஷன் பாய், கமிஷன்" என்கிறோம். கமிஷனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேறு நோய்களில், வேறு சோதனைகளில் அதன் பங்கு எவ்வளவு என்பது தனிக் கணக்கு. இந்த நோயில், இந்தக் கணக்கில், காசைவிட எட்டு மடங்கு கனமாக இருந்தது நம்மைப் பற்றிய ஒரு தப்பெண்ணம். அந்த எண்ணத்தை டாக்டருக்குக் கொடுத்தது யார்? என் தங்கையும், ஆட்டோவைத் திருப்பச் சொன்ன நானும்தான்.

ஹஜ்ரத்மார்களுக்கும் இதே சிக்கல் உண்டு என்பதால் டாக்டரின் நிலை எனக்குப் புரிகிறது. ஒருவர் கலக்கத்தோடு வருவார். அவருக்குத் தேவை, உட்கார வைத்து இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசுவதும் ஒரு நல்ல ஆலோசனையும்தான். ஆனால் கையில் ஏதாவது கொடுக்காவிட்டால் ஹஜ்ரத் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்து வேறு ஒருவரைத் தேடிப் போய்விடுவார். கூட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் போகும்.

ஓ.ஆர்.எஸ்ஸுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. அது வயிற்றோட்டத்தை நிறுத்தாது. போன நீரை ஈடு செய்யும், உயிரைக் காக்கும். ஆனால் பிள்ளை இன்னும் இரண்டு மூன்று நாள் போய்க்கொண்டுதான் இருக்கும். தாய் எண்ணுவது எத்தனை தடவை போனான் என்பதை. டாக்டர் பார்ப்பது உடலில் நீர் இருக்கிறதா என்பதை. இரண்டு பேரின் அளவுகோலும் வேறு. இதை விளக்க ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் யாரிடம் இருக்கிறது? ஒரு நோயாளியோடு டாக்டர் செலவிடும் நேரத்தை 2017ல் உலக அளவில் தொகுத்தார்கள். ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. நம் நாடு வங்கதேசத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, வரைபடத்திலும் அந்தப் பட்டியலிலும். நெறிமுறையை விளக்குவதைவிட ஆன்டிபயாடிக் பெயரை எழுதுவது சீக்கிரம் முடிகிற வேலை.

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் இதற்கு நமக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. தோல் ஷாப்பில் நாள் கூலிக்கு நிற்கிற தகப்பனும், காலையில் ஷூ கம்பெனி வண்டி ஏறுகிற தாயும் பிள்ளையோடு மூன்று நாள் வீட்டில் உட்கார முடியாது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய மருத்துவத்துக்கு ஓர் ஆள் வேண்டும். பாட்டில் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாகத் தோன்றும். தங்கையின் அழுகையில் அதுவும் இருந்தது. மறுநாள் லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். இதை டாக்டர்மீதும் தாய்மீதும் போட்டுவிட்டுப் போக முடியாது. பிள்ளைக்கு உடம்பு முடியாத நாளில் தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பதைப் பற்றி, ஜமாஅத் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்காரும் நம் தொழிலதிபர்கள் யோசிக்கலாம்.

பயமும் ஒரு தடைதான். ஓ.ஆர்.எஸ். மட்டும் கொடுத்து அனுப்பிய பிள்ளைக்கு இரவில் மோசமானால், "ஒண்ணுமே பண்ணாம அனுப்பிட்டான்" என்று கூட்டம் கூடும். பாட்டில் ஏற்றிய பிறகு மோசமானால், "டாக்டர் எல்லாம் பண்ணிப் பார்த்தார், நம்ம நஸீப்" என்று சமாதானம் ஆவோம். மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். சட்டப்படி பார்த்தால், மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முறைப்படி சிகிச்சை செய்த டாக்டரைக் கவனக்குறைவுக் குற்றத்தில் சிக்க வைக்க முடியாது. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் இரவு பதினோரு மணிக்குக் கிளினிக் வாசலில் நிற்கும் இருபது பேரிடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை யார் வாசித்துக் காட்டுவது?

வயிற்றோட்டத்தில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. காசநோயில் இன்னும் மோசம். 1991ல் மும்பை தாராவியில் ஏறத்தாழ நூறு தனியார் டாக்டர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டபோது, எண்பது விதமான மருந்துச் சீட்டுகள் வந்தன. 2010ல் வெளியான இன்னொரு மும்பை ஆய்வில் 106 டாக்டர்களிடம் 63 விதம்; சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்பதை 1950களின் கடைசியில் உலகுக்கு நிரூபித்துக் காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தேவையில்லாத ஆன்டிபயாடிக்கின் விலையும் இப்போது தெரிகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை உருவாக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு பற்றி 2010ல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதைத் தொடர்ந்து 2012ல் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று பல மருத்துவ சங்கங்களைச் சென்னையில் கூட்டி 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை வெளியிட்டார். இன்று வீணாகக் கொடுக்கும் மருந்து, நாளை அதே பிள்ளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகலாம் என்பதுதான் அதன் பின்னணியில் இருந்த கவலை.

நெறிமுறைகள்மீதும் குறை இல்லாமல் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் வருகின்றன. அடிக்கடி மாறுகின்றன, ஓ.ஆர்.எஸ்ஸின் அளவே 2002ல் மாற்றப்பட்டு உப்பும் குளுக்கோஸும் குறைக்கப்பட்டன. ஜிங்க் 14 நாள் என்று எழுதியவர்கள், மூன்றாம் நாளே பிள்ளை ஓடி விளையாடும்போது எந்தத் தாய் 14 நாள் கொடுப்பாள் என்று யோசித்தார்களா தெரியவில்லை. ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும்; அடுத்த சில மாதங்களில் மறுபடி வயிற்றோட்டம் வருவதை அது குறைக்கிறது.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில் ஆபத்து அறிகுறிகள். பிள்ளை சோர்ந்து கண் திறக்காமல் கிடந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நின்றாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டு ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், போகும் வழியிலும் முடிந்தவரை கொடுத்துக்கொண்டே போங்கள். அங்கே பாட்டில் ஏற்றினால் அது நெறிமுறைப்படிதான். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பச்சிளம் பிள்ளை என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம்.

மற்ற நிலையில், ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக, ஸ்பூனில். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரே லிட்டரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொட்டிக்கொண்டு மீதியை மடித்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அதனால் அளவு தப்பிவிடும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். நம் பாலாற்றுப் பகுதியில் தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996லேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பும் வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கரிக்கிற போர்வெல் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைக்காதீர்கள், வீட்டில் குடிக்க எந்த நல்ல தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்களோ அதைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கரையுங்கள்.

கடையில் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்டு, அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்ற பானங்களில் சர்க்கரை பல மடங்கு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சர்க்கரை அதிகமானால் வயிற்றோட்டம் கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டு போராடி, 2025 அக்டோபரில் அந்தப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை உத்தரவிட வைத்தார். பழைய சரக்கோ வேறு பெயரோ எதுவாக இருந்தாலும், உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

டாக்டரிடம் என்ன சொல்வது? அவருக்கு நெறிமுறை போதிக்க வேண்டாம்; கூகுளில் படித்தேன் என்று ஆரம்பித்தால் எந்த டாக்டருக்கும் முகம் மாறும், எனக்கும் அப்படித்தான். "டாக்டர், ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கிட்டிருக்கோம், புள்ள குடிக்கிறான். அது போதுமான்னு பார்த்துச் சொல்லுங்க. என்ன ஆனா திரும்ப வரணும்?" இது போதும். ஊசிக்காக வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வருடம் மார்ச்சில் அதே பிள்ளைக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை முதல் டாக்டரிடம்தான் போனோம். தங்கை நான் சொல்லிக்கொடுத்ததைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு எழுதினார். தங்கை வேலைக்குப் போன நாட்களில் நன்னிமாதான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூனில் கொடுத்தார்கள். ஜிங்க் மாத்திரை மட்டும் ஒன்பதாவது நாளோடு நின்றுவிட்டது. மீதி ஐந்தும் நன்னிமாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் இருந்ததைப் போன வாரம்தான் கண்டுபிடித்தோம்.